பட்டாவில் இல்லாத பெயர், கப்பல் பட்டியலில்



இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நினைவுகூரும் இந்த நாளில், அவரது வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறேன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். ஆகவே நம் மாவட்டத்துக்காரர். பிறந்த ஆண்டைச் சிலர் 1859 என்று எழுதுகிறார்கள், சிலர் 1860 என்று எழுதுகிறார்கள். பெயரும் ஆங்கில நூல்களில் ஒன்றுபோல இல்லை. ஓரிடத்தில் ‘ரெட்டமலே’, இன்னோரிடத்தில் வெறும் ‘ஆர். சீனிவாசன்’. 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர், 1939-இல் தன் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தைத் தானே எழுதி வெளியிட்டவர். அப்படிப்பட்டவரின் விவரங்களே இவ்வளவு இடறுகின்றன என்றால், கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறிய ஒரு பண்ணையாளின் விவரங்கள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சீனிவாசனும் கடல் கடந்தவர்தான். 1900-இல் லண்டன் போகப் புறப்பட்டு ஆப்பிரிக்காவில் தங்கினார். நேட்டாலில் அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1921 வாக்கில்தான் ஊர் திரும்பினார். அவருக்கு முன்னும் பின்னும் அதே நேட்டாலுக்கும், மொரிஷியசுக்கும், பிஜிக்கும், இலங்கைக்கும், பர்மாவுக்கும் இந்த மாவட்டத்துச் சேரிகளிலிருந்து கூலிகளாகப் போனவர்கள் ஏராளம். அவர்களை ஆவணங்களில் எப்படித் தேடுவது, ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை எவ்வளவு நம்புவது என்பதே இன்றைய என் பொருள். பரம்பரைப் பெருமை பேசுவதற்கான தேடல் அல்ல இது. நிலம், குடியுரிமை, பெயர் மூன்றும் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் மக்கள் நாம். காகிதத்தைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும்.

ஊர்க் கணக்கில் எழுதப்படாதவர்

முதலில் ஒரு எளிய கேள்வி. 1870-களில் இந்தப் பகுதியின் ஒரு சேரியில் வாழ்ந்த உங்கள் முப்பாட்டனின் பெயர் எந்த அரசுக் காகிதத்தில் இருக்கும்?

செங்கல்பட்டு, ஆங்கிலேயர் மிகத் தொடக்கத்திலேயே கணக்கெடுத்த பகுதி. 1763-இல் ஆற்காட்டு நவாப் இதைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன் பிறகு 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏரி, நஞ்சை, புஞ்சை, மானியம், சாதிவாரியாக வீடுகள் எல்லாம் அதில் உண்டு. சேரிக்காரர்கள் அங்கே இத்தனை வீடு என்ற எண்ணிக்கையாக வருகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த வருவாய்க் கணக்குகள் நிலத்தைப் பற்றியவை. இது மிராசு முறை வேரூன்றியிருந்த மாவட்டம். நிலத்தின் மீது மட்டுமல்ல, தரிசின் மீதும் நத்தத்தின் மீதும் மிராசுதார் உரிமை கொண்டாடினார். பறையர் ஒருவர் தரிசு நிலத்துக்கு தர்க்காஸ்து போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருந்த குடிசையின் தரையும் அவருடையது என்றே சொல்லப்பட்டது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. ஆனால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடும் பண்ணையாள் முறை அதற்குப் பின்னும் நீடித்தது. இங்கே பணியாற்றிய ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இதை எழுதினார்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு அனுப்பிய குறிப்புகளில் இதையெல்லாம் வரிசையாக வைத்தார். மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பறையர். நிலத்தை உழுதவர்கள் அவர்கள். பட்டாவில் பெயர் வேறொருவருடையது.

பட்டா இல்லை, எனவே நிலப் பதிவேட்டில் பெயர் இல்லை. சொத்து இல்லை, எனவே பத்திரப் பதிவில் பெயர் இல்லை. பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை, எனவே சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இல்லை. கோயில் கல்வெட்டிலோ கணக்கிலோ பெயர் வருவதற்கு வழியே இல்லை. மிஷன் சபையில் சேர்ந்திருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரலாம். அதிலும் புதிதாக வைத்த கிறித்தவப் பெயரே முன்னால் நிற்கும். ஊரிலேயே இருந்து உழைத்துச் செத்தவர், காகிதத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

ஊரை விட்டுப் போனவருக்கோ காகிதம் இருக்கிறது.

எண் கொடுத்து எழுதினார்கள்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் இந்தியக் கூலிகள் அவர்கள். 1911-இல் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படும் வரை சுமார் 1,52,000 பேர் அந்த ஒரு காலனிக்கு மட்டும் போனார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை வழியாகப் போனவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயரும்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அது இன்றும் டர்பன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அதன் கட்டங்களைப் பாருங்கள்: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். பின்னர் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார், இறந்தாரா, திரும்பினாரா என்ற குறிப்புகளும் சேரும். பிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு. அதில் உயரம், வடு, நெருங்கிய உறவினர் பெயர் வரை உண்டு. பிஜிக்குப் போன 60,965 பேரில், 1903-க்குப் பிறகு சென்னை வழியாகப் போனவர்கள் சுமார் 15,000. மொரிஷியசில் 1860-களின் நடுவிலிருந்து கூலிகளைப் புகைப்படம் எடுத்தும் வைத்தார்கள். அவை மோகா நகரில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன.

நம் சேரிக்காரர் ஒருவரின் பெயரை, அவருடைய தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் முழங்காலில் இருந்த வடுவோடும் சேர்த்து அரசு எழுதியது, அவரை ஏற்றுமதி செய்தபோதுதான். அவர் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், செத்தால் கணக்கை முடிக்க வேண்டும், ஒப்பந்தம் முடியாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போய்விடக் கூடாது. அதற்காக எழுதினார்கள். அவரது பேரப்பிள்ளைகள் தேடி வரட்டும் என்று எழுதவில்லை. இந்த நோக்கத்தை மறந்துவிட்டால் அந்தக் காகிதத்தைத் தவறாகவே படிப்போம்.

ஒரு வரியைப் படிக்கும் முறை

ஒரு மாதிரி வரியை எடுத்துக்கொள்வோம். எந்தக் குடும்பத்தின் பதிவும் அல்ல. இத்தகைய வரிகள் எப்படி இருக்கும் என்று காட்டவே நானே எழுதிக்கொண்டது. பெயர் முனியன். தகப்பன் பெயர் சின்னான். வயது 24. சாதி பறையன். ஜில்லா சிங்கில்பட். தாலுகா கான்ஜீவரம். கிராமம் ‘மூசரவாகம்’. இதே ஆளுக்கு நேட்டாலில் எழுதிய திருமணப் பதிவில் வயது நான்கு ஆண்டு கூடியிருக்கிறது. இறப்புப் பதிவில் பெயர் முனுசாமி. சாதிக் கட்டத்தில் ‘மலபார்’. பேரப்பிள்ளைகள் சொல்வதோ, “எங்கள் தாத்தா காஞ்சிபுரத்துக்காரர், பட்டு நெய்தவர்.” நான்கு சான்றுகள், நான்கு விதம். இவர் ஒரே ஆள்தானா?

முதலில் பெயர். டிப்போவில் முனியன் தன் வாயால் சொன்னதை ஓர் எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பார்த்துக் கப்பல் பட்டியல் எழுதப்பட்டது. அதைப் பார்த்து டர்பனில் இன்னொரு நகல். ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும். குறிலும் நெடிலும் இடம் மாறும். முத்துசாமி என்ற ஒரே பெயர் ஆங்கிலேயர் காலனியில் ஒரு விதம், பிரெஞ்சுத் தீவுகளில் ‘மூட்டுசாமி’ என்று இன்னொரு விதம். எனவே எழுத்துக்கூட்டல் மாறியிருப்பது வேறு ஆள் என்பதற்குச் சான்று ஆகாது. அதேபோல எழுத்துக்கூட்டல் ஒத்துப்போவதும் ஒரே ஆள் என்பதற்குச் சான்று ஆகாது. அந்தக் காலத்தில் ஒரு தாலுகாவில் எத்தனை முனியன்கள் இருந்திருப்பார்கள்!

மேலும், ஊரில் ‘முனியன்’ என்று இருக்கவே விடப்பட்டவர், கடலுக்கு அப்பால் ‘முனுசாமி’ ஆனதைப் பிழை என்று சொல்லாதீர்கள். சேரிக்காரன் பெயரில் ‘சாமி’ இருக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை அறிந்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் பொருள் புரியும். சில முரண்பாடுகள் எழுத்தரின் கைப்பிழை. சில, அந்த மனிதரே எடுத்த முடிவு.

அடுத்தது வயது. பிறப்புப் பதிவு இல்லாத ஆளுக்கு வயது என்பது எழுத்தரின் கண் மதிப்பு. கூலிக்கு ஏற்ற வயது என்று காட்டுவதில் ஆள் பிடிப்பவருக்கும் ஆதாயம் உண்டு. ஐந்தாறு ஆண்டு வேறுபாட்டை வைத்து எதையும் மறுக்க முடியாது. நம் பக்கத்து வாய்மொழிக் காலக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 1876-78 பஞ்சத்தை நம் மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பார்கள். தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்தது. “தாது வருஷத்தில் போனவர்” என்று ஒரு பாட்டி சொன்னால் அது நல்ல தடயம். ஆனால் தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1936-இல் பிறந்ததும் தாதுதான். தலைமுறையை எண்ணிப் பார்க்காமல் இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. வருவாய்த் துறைக் கணக்கில் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலையில் தொடங்கியது. இது தெரியாமல் ‘ஆவணங்கள் முரண்படுகின்றன’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

மூன்றாவது ஊர். ‘பாக்கம்’ என்று முடியும் கிராமங்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு தாலுகாக்களில் இரண்டு ஊர்கள் இருக்கும். ஆங்கில எழுத்தில் வேறு வேறு ஊர்களும் ஒன்றுபோலத் தெரியும். பட்டியலில் எழுதப்படுவது வருவாய்க் கிராமத்தின் பெயர். சேரிக்குத் தனிப் பெயர் இருந்தாலும் அது ஏறாது. எனவே கிராமம், தாலுகா, ஜில்லா மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். தாலுகா எல்லைகளும் மாவட்ட எல்லைகளும் பின்னாளில் பலமுறை மாற்றப்பட்டிருக்கின்றன. இன்றைய வரைபடத்தை வைத்து அன்றைய பட்டியலைத் தேடினால் வழி தவறும்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? எண்ணை. நேட்டாலில் ஒவ்வொரு கூலிக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். பெயர் மாறும், வயது மாறும், சாதி மாறும். அந்த எண் மாறாது. கல்யாணத்திலும் சாவிலும் அந்த எண் வரும். பிள்ளை பிறந்தால் பெற்றோரின் எண்ணைக் குறித்துத்தான் பதிவு. இறப்புப் பதிவின் முனுசாமியும் கப்பல் பட்டியலின் முனியனும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தால் அவர் ஒருவரே. மனிதனைப் பெயரற்றவனாக்கக் கொடுத்த எண், அவனது பெயரை மீட்பதற்கான கயிறாக இன்று நம் கையில் இருக்கிறது.

எண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாலசுந்தரம் ஓர் உதாரணம். 1894 வாக்கில் முதலாளி அடித்துப் பற்கள் உடைந்து, கிழிந்த துணியோடும் கையில் தலைப்பாகையோடும் காந்தியின் முன் வந்து நின்ற தமிழ்க் கூலி. காந்தியின் சுயசரிதையில் அவர் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அவ்வளவு புகழ்பெற்ற அந்த மனிதரின் தகப்பன் பெயரோ கிராமமோ அந்த அத்தியாயத்தில் இல்லை. ஒரு தலைவரின் நூல் சொல்லாததைக் கப்பல் பட்டியலின் ஒரு வரி சொல்லும்.

பெண்களைத் தேடுவது இதைவிடக் கடினம். நூறு ஆண்களுக்கு 40 பெண்கள் அனுப்ப வேண்டும் என்று பின்னாளில் விதி இருந்தது. அந்த எண்ணிக்கைக்காக டிப்போவில் சேர்த்து வைத்த ஜோடிகளும் உண்டு. எனவே ‘மனைவி’ என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தனியாகப் போன பெண்ணைப் பற்றி எழுதியவர்கள் கேவலமாகவே எழுதினார்கள். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கையூத்ரா பகதூர், தன் கொள்ளுப் பாட்டி சுஜாரியாவைத் தேடி 2013-இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பெண் 1903-இல் கல்கத்தாவிலிருந்து ‘கிளைட்’ என்ற கப்பலில், வயிற்றில் பிள்ளையோடு தனியாகப் போனவர். குடியேற்றச் சீட்டு கிடைத்தது, பீகாரில் ஊரும் கிடைத்தது. ஏன் தனியாகப் புறப்பட்டார் என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அந்த நூலாசிரியர் விடையைக் கற்பனை செய்து நிரப்பவில்லை. கேள்வியைக் கேள்வியாகவே விட்டார். நாம் பின்பற்ற வேண்டிய நேர்மை இது.

சாதிக் கட்டம்

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து போன கப்பல்களின் பட்டியல்களில் சாதிக் கட்டத்தில் பறையர் என்ற பதிவு மிகப் பரவலாக வருகிறது. கூடவே ‘மலபார்’, ‘ஜென்டூ’, ‘கிறித்தவர்’ என்றும் வரும். மலபார் என்றால் கேரளம் என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைய ஆங்கில வழக்கில் அது தமிழரைக் குறித்த சொல். ஜென்டூ என்றால் தெலுங்கர். அதாவது ஒரே கட்டத்தில் சாதி, மொழி, மதம் மூன்றையும் கலந்து போட்டிருக்கிறார்கள். நம் முனியன் ஓரிடத்தில் ‘பறையன்’, இன்னோரிடத்தில் ‘மலபார்’ என்று இருப்பது முரண்பாடே அல்ல. ஒன்று சாதியைச் சொல்கிறது, மற்றொன்று மொழியைச் சொல்கிறது.

பேரப்பிள்ளைகளின் ‘பட்டு நெய்தவர்’ கதைக்கு வருவோம். பட்டியலில் தாலுகா ‘கான்ஜீவரம்’. வீட்டில் பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் மறந்துபோய், தாலுகாவின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. காஞ்சிபுரம் என்றதும் உலகம் நினைப்பது பட்டும் கோயிலும். அந்த இரண்டையும் தாத்தாவின் மேல் போர்த்திவிட்டார்கள். நெசவு நம் மக்களுக்கு அந்நியமானது அல்ல. பறையரில் நெசவு செய்த கோலியர் என்ற பிரிவு உண்டு. பஞ்சத்தில் நெசவாளர்களும் தறியை விட்டுவிட்டு ஊரை விட்டுப் போனார்கள். எனவே அந்தக் கதையை உடனே தள்ளிவிட முடியாது. ஆனால் வேறு சான்று இல்லாத வரை, காஞ்சிபுரம் தாலுகாவின் ஓர் ஏரிப் பாசனக் கிராமத்துச் சேரியிலிருந்து போனவர் உழவு வேலை செய்தவர் என்பதே வலுவான ஊகம். அவர் காஞ்சிபுரத்துக் கோபுரங்களை வெளியே நின்றுதான் பார்த்திருப்பார். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கான முழுமையான சட்டம் 1947-இல்தான் வந்தது.

கடலுக்கு அப்பால் பலர் சாதியைக் கைவிட்டார்கள். சிலர் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். சிலர் பிள்ளை, நாயுடு, கவுண்டர் என்று பட்டங்களை ஏற்றுக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் ‘கவெண்டர்’ என்ற குடும்பப் பெயரை வைத்து, இங்கே கவுண்டர் குடியிருப்பில் போய்த் தேடினால் அது பல நேரங்களில் தவறான வாசற்படியாக இருக்கும். முப்பாட்டனின் வரியில் ‘பறையன்’ என்று பார்த்ததும் அதை எழுத்தரின் பிழை என்று ஒதுக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். ஐந்தாறு தலைமுறைக்கு முன்பு ஒருவர் கழற்றி எறிந்த நுகத்தை மீண்டும் கழுத்தில் மாட்டுங்கள் என்று கேட்பது நம் வேலை அல்ல. ஆனால் உண்மையை மறைத்து, “உங்கள் முன்னோர் கோயிலுக்குப் பட்டு நெய்தவர்” என்று இனிப்பாகச் சொல்லி அனுப்புவதும் நம் வேலை அல்ல. அந்த மனிதர் ஏன் கப்பலேறினார் என்பதற்கான காரணம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் பஞ்சம் மட்டுமே காரணமாக மிஞ்சும். மிராசுதாரும் கடன் முறியும் கதையிலிருந்து தப்பித்துவிடுவார்கள்.

போனவர்கள் சொர்க்கத்துக்கும் போகவில்லை. 1871-இல் நேட்டாலிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் இறங்கி, சவுக்கடியையும் பிடித்துக்கொண்ட கூலியையும் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். விளைவாக நேட்டாலில் 1872-இல் விசாரணைக் குழு அமைந்தது. 1866-இல் நின்றிருந்த ஆள் ஏற்றுமதி 1874 வரை தொடங்கவில்லை. ஒப்பந்தம் முடித்துத் தங்கியவர்கள் மீது 1895-இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்துச் சட்டம் வந்தது. 1913-இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த பிறகு, 1914-இல்தான் அது ஒழிந்தது. புகார் கொடுத்தவர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள் பட்டியல்களிலும் நம் ஊர்ப்பெயர்களைத் தேடுங்கள். நம் முன்னோரைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவோம்.

பட்டியலே இல்லாதவர்கள்

நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களுக்காவது ஒரு வரி இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணி மூலம் போனார்கள். கணக்கு கங்காணியின் துண்டுச் சீட்டில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். தகப்பன் பெயர், கிராமம் என்று ஆளுக்கொரு வரி எழுதப்பட்ட கப்பல் பட்டியல் அங்கே பெரும்பாலோருக்கு இல்லை.

அந்தக் குறையின் விலை 1948-இல் தெரிந்தது. சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தகப்பன், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனின் தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அடுத்து வந்த பதிவுச் சட்டத்தின் கீழ் சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பித்தார்கள். சுமார் 1,35,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மக்களில் மிகப் பெரும் பகுதியினர் தலித்துகள். மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்கள் காகிதம் இல்லாததால் நாடற்றவர்களானார்கள்.

இன்று காற்று வேறு பக்கம் வீசுகிறது. மொரிஷியசில் வாழும் இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024-இல் இந்திய அரசு அறிவித்தது. அதற்கும் முன்னோரின் ஆவணம் வேண்டும். அதனால் ஒரு பழைய குடியேற்றப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேடி வருபவர்கள் இனியும் வருவார்கள். அவர்கள் ஊருக்குள் விசாரித்தால் ஊர் தன் கதையைச் சொல்லும். சேரியில் விசாரிக்க வந்தால் நாம் சொல்ல என்ன வைத்திருக்கிறோம்?

நம் கையில் உள்ள வேலை

மாணவர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, வாய்மொழிப் பதிவு. ஒவ்வொரு சேரியிலும் வயதில் மூத்தவர்களிடம் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், குலசாமி, ‘கப்பலுக்குப் போனவர் வீடு’ போன்ற பேச்சு, எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தி எழுதாதீர்கள். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று கீழே குறியுங்கள். நேட்டாலில் இன்றும் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். தெருக்கூத்து ஆடிய மரபும் அங்கே உண்டு. அது நம் வட மாவட்டங்களின் தடம். ஒரு குடும்பத்தை அதை வைத்து அடையாளம் காண முடியாது. ஆனால் குலசாமியின் பெயரும் ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்து ஒத்துப்போனால் அது கனமான சான்று.

இரண்டாவது, முரண்பாட்டைக் கையாளும் பழக்கம். இரண்டு காகிதங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் சொன்னது? யார் எழுதியது? எப்போது எழுதியது? எந்த ஆதாயத்துக்காக எழுதியது? சம்பவம் நடந்த காலத்துக்கு அருகில், பொய் சொல்லத் தேவை இல்லாத ஒருவர் சொன்ன விவரத்துக்கு எடை அதிகம். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை நகலெடுத்திருந்தால் அவை இரண்டு சான்றுகள் அல்ல, ஒன்றுதான். எடை போட்ட பிறகும் தீரவில்லை என்றால் இரண்டையும் அருகருகே எழுதி வையுங்கள். நமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழிப்பது மிராசுதாரின் கணக்குப்பிள்ளை செய்த வேலை.

மூன்றாவது, இதே திறமையை நிலத்துக்குத் திருப்புங்கள். டிரமென்ஹீரின் குறிப்புகளுக்குப் பின் 1892-இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் வேர். அந்த நிலத்தைப் பிறருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை பழைய பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. 1980-களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல கிராமங்களில் அந்தக் குறிப்பு புதிய பதிவேட்டுக்கு ஏறவில்லை. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் இன்றைய அ-பதிவேட்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இதுவும் முரண்படும் ஆவணங்களைப் படிக்கும் வேலைதான். இங்கே பெயருக்குப் பதில் சர்வே எண். கப்பலுக்குப் பதில் புல எல்லை. பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டதும் காகிதத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த ஒன்றைத்தான்.

இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடத்திலும் எவருக்கும் தடையில்லை என்பது அது. நிறைவேறியதோடு அவர் விடவில்லை. அரசாணையாக வரச் செய்தார். எழுதப்படாத உரிமையை எந்த மணியக்காரனும் மதிக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். எழுதப்பட்ட உரிமையைக்கூட எடுத்துக் காட்ட ஆள் இல்லையென்றால் மதிக்க மாட்டான் என்பதும் தெரியும்.

நம் முன்னோரை எழுதியவர்கள் அனைவரும் தங்கள் தேவைக்காக எழுதினார்கள். மிராசுதார் கடனை எழுதினார். தோட்ட முதலாளி எண்ணை எழுதினார். அரசு சாதியை எழுதியது. இந்த ஊரின் சேரியிலிருந்து நாமே நமக்காக எழுதும் முதல் பதிவேட்டை அடுத்த ஆண்டு இதே கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் உங்கள் பாட்டியின் பெயரை எழுதுங்கள்.